அப்பத்தாவுக்கு ஆறு படத்தையும் ஒட்டி ஒரே ஃபைலாக்குவது எப்படி?

கேள்வி இதுதான். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ரிமோட்டில் அடுத்த படத்தைத் தேடிப் போட வராது. அவருக்குப் பிடித்த ஆறு பழைய படங்கள் லேப்டாப்பில் இருக்கின்றன; இரண்டு, வீட்டில் இருந்த டிவிடியிலிருந்து எடுத்தவை, மற்றவை எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கலந்து கிடக்கின்றன. ஆறையும் ஒட்டி ஒரே பெரிய வீடியோவாக்கி பென் டிரைவில் போட்டு டிவியில் செருகிவிட்டால் அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். காசில்லாமல், விண்டோஸ் லேப்டாப்பில், வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஒட்டுகிற வேலை பத்து நிமிஷம்கூட ஆகாது. அதற்கு முன்னால் ஆறு படத்தையும் ஒரே அச்சில் வார்த்தெடுக்க, அதாவது ஒரே அளவில் ஒரே முறையில் மறுபடி சுருக்கியெடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் வேலை, அதற்கு இரண்டு ராத்திரி லேப்டாப்பை ஓடவிட வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் நேரே ஒட்டப் போனவர்கள்தான் "வீடியோ பச்சை பச்சையாக வருகிறது", "சத்தம் மட்டும் வருகிறது" என்று புலம்பிக்கொண்டு வருவார்கள். நானும் புலம்பியவன்தான், அதனால் அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வேனில் கிளம்பினோம். வேனில் ஒரு சின்ன டிவி, பென் டிரைவ் செருகுகிற மாதிரி. டிரைவரைப் பாதி வழியில் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று மூன்று படத்தை முந்தின நாள் ராத்திரி அவசர அவசரமாக ஒட்டி ஒரே ஃபைலாக்கினேன். லேப்டாப்பில் முதல் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது, தூங்கிவிட்டேன். விழுப்புரம் தாண்டி முதல் படம் முடிந்து இரண்டாவது தொடங்கியது. பெயர் போடும் இசை கேட்கிறது, திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக ஏதோ நெளிகிறது, நடுநடுவே யாரோ ஒருவரின் மூக்கு மட்டும் தெரிகிறது. பின்சீட்டில் சித்தப்பா, "என்னடா இது, எக்ஸ்ரே எடுத்து வச்சிருக்கே?" என்றார். மிச்ச வழி முழுக்க அந்த எக்ஸ்ரே பேச்சுதான்.

நடந்தது என்னவென்றால், எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பதெல்லாம் வெறும் டிபன் கேரியர். உள்ளே இருக்கும் சாப்பாடு வேறு. ஒரு எம்பி4-க்குள் ஹெச்.264 முறையில் சுருக்கிய படம் இருக்கலாம், ஹெச்.265 இருக்கலாம், பழைய எம்பெக்-4 இருக்கலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே பாத்திரம். ஆகவே "எல்லாம் எம்பி4தானே, ஒட்டினால் ஒட்டும்" என்று நினைப்பது தப்பு. ஏவிஐ என்ற பெயரை எம்பி4 என்று மாற்றி வைத்துவிட்டு "கன்வெர்ட் பண்ணிட்டேன்" என்பவர்களும் உண்டு, அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஹெச்.264 படத்தை எம்பி4 அல்லது எம்கேவி பாத்திரத்தில் வைக்கும்போது, அந்தப் படத்தின் அகலம் உயரம் எவ்வளவு, எந்த வகையில் சுருக்கியிருக்கிறது என்ற விவரமெல்லாம் பாத்திரத்தின் தலைப்பகுதியில் ஒரே ஒரு தடவை எழுதப்படும். டிவி முதலில் அதைப் படித்துக்கொண்டு, அந்தக் கணக்கை வைத்துத்தான் பின்னால் வருகிற எல்லாவற்றையும் விரிக்கும். இப்போது நீங்கள் 1280க்கு 720 அளவுள்ள படத்தின் வாலில் 720க்கு 576 அளவுள்ள படத்தை அப்படியே ஒட்டினால், தலைப்பகுதியில் முதல் படத்தின் விவரம் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது படம் தொடங்கியதும் டிவி பழைய கணக்கிலேயே விரிக்கப் பார்க்கும். பச்சைக் கட்டம் அங்கேதான் வருகிறது. லேப்டாப்பில் இருக்கும் விஎல்சி பிளேயர் சில நேரம் எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும். டிவி சமாளிக்காது. லேப்டாப்பில் ஓடுகிறதே என்று நம்பி ஏமாறுவதும் இதனால்தான்.

விசிடி காலத்து ஆட்கள் "நாங்கள் அப்போது டாஸ் திரையில் காப்பி கட்டளை போட்டு நடுவில் கூட்டல் குறி வைத்தே ஒட்டினோமே" என்பார்கள். உண்மைதான், நானும் ஒட்டியிருக்கிறேன். விசிடியில் இருந்தது எம்பெக்-1, நம் ஊர் டிவி முறையான பிஏஎல் விசிடி எல்லாமும் 352க்கு 288 என்ற ஒரே அளவு, அதோடு அந்த விவரம் தலையில் ஒரு தடவை மட்டும் இல்லாமல் படம் நெடுகத் திரும்பத் திரும்ப வரும். அதனால் எங்கே வெட்டினாலும் ஒட்டினாலும் ஓடியது. டிவிடியில் படத்தை ஒரு ஜிபி ஒரு ஜிபி துண்டாக வைத்திருப்பார்களே, அந்த விஓபி ஃபைல்களும் அப்படித்தான். எம்பி4-இல் அந்த வேலை செய்தால் முதல் படம் மட்டும் ஓடும், மீதி ஃபைலுக்குள் கிடக்கும், யாருக்கும் தெரியாது.

சரி, உங்கள் ஆறு படத்துக்கு வருவோம். ஒட்டுகிற முறையைச் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நீங்களே ஆறையும் ஒன்றாக்கும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். பழைய படம் ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆறுக்கும் 15 மணி நேரம், அதாவது 54,000 விநாடி. படமும் சத்தமும் சேர்த்து விநாடிக்கு 1,500 கிலோபிட் என்று சுருக்கினால் மொத்தம் 8.1 கோடி கிலோபிட், எட்டால் வகுத்தால் சுமார் 10 ஜிபி. இதில் சிக்கல் என்னவென்றால், கடையில் வாங்கும் பென் டிரைவ் பலவும் ஃபேட்32 முறையில்தான் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு ஒரு பைட்டாவது குறைவாக இருந்தாக வேண்டும். டிரைவ் 64 ஜிபியாக இருந்தாலும் சரி, முழுக்கக் காலியாக இருந்தாலும் சரி, 10 ஜிபி ஃபைலைப் போடப் போனால் "ஃபைல் மிகப் பெரிது" என்று விண்டோஸ் மறுத்துவிடும். இடம் காலியாக இருக்கும்போதே இடமில்லை என்கிறதே என்று பென் டிரைவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும்.

இதற்கு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யலாம், அதில் இந்த 4 ஜிபி தொல்லை இல்லை. ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், அதோடு பழைய டிவிகள் பலவும் எக்ஸ்ஃபேட் டிரைவைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அப்பத்தா வீட்டு டிவி எந்தக் காலத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே வேலையைத் தொடங்குமுன் டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்கி, ஏதாவது ஒரு சின்ன வீடியோவைப் போட்டு, அந்த டிவியிலேயே செருகிப் பாருங்கள். வேறு டிவியில் பார்த்தது கணக்கில் சேராது.

என் யோசனை, ஆறை ஒன்றாக்காமல் இரண்டிரண்டாக ஒட்டி மூன்று ஃபைல் செய்யுங்கள். இரண்டு படம் ஐந்து மணி நேரம், 18,000 விநாடி, அதே 1,500 கணக்கில் சுமார் 3.4 ஜிபி. எந்தப் பென் டிரைவிலும் உட்கார்ந்துவிடும், எந்த டிவிக்கும் உறுத்தாது. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மதியம் மூன்றாவது படத்தின் நடுவில் கரண்ட் போய் வருகிறது என்று வையுங்கள். விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் டிவி சில, வைத்துக்கொள்ளாத டிவி சில. 15 மணி நேர ஃபைலாக இருந்து டிவியும் மறந்துவிட்டால் அப்பத்தா மறுபடி முதல் படத்தின் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அல்லது வேகமாக ஓட்டும் பட்டனை அரை மணி நேரம் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். ரிமோட் வராது என்றுதானே இந்த வேலையே. இரண்டு படமாக இருந்தால் இழப்பு அவ்வளவு இல்லை.

இன்னும் சோம்பேறித்தனமான வழி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல டிவிகளில் பென் டிரைவில் இருக்கும் ஃபைல்களை ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று தானாகவே ஓட்டும் வசதி இருக்கிறது, மெனுவில் ரிப்பீட் ஆல் என்ற மாதிரி ஏதோ பெயரில் இருக்கும். அது இருந்தால் ஒட்டவே வேண்டாம், ஃபைல் பெயர்களை 01, 02, 03 என்று மாற்றிப் போட்டால் முடிந்தது. வெறும் 1, 2 என்று போடாமல் முன்னால் பூஜ்யம் போடுங்கள், நாளைக்குப் பத்துப் படம் ஆனால் சில டிவி 1க்கு அடுத்து 10-ஐ ஓட்டும். இந்த வசதியை முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

மூன்று மென்பொருள் வேண்டும், மூன்றும் இலவசம்: மீடியாஇன்ஃபோ, ஹேண்ட்பிரேக், எம்கேவிடூல்நிக்ஸ். ஆன்லைனில் ஒட்டித் தருகிறோம் என்கிற தளங்கள் பக்கம் போகாதீர்கள். இத்தனை ஜிபியை மேலே ஏற்றி, அவர்கள் ஒட்டி, நீங்கள் மறுபடி இறக்கி முடிப்பதற்குள் அப்பத்தாவே கதையை முழுசாகச் சொல்லிவிடுவார். கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் எஃப்எஃப்எம்பெக் ஒன்றை வைத்தே எல்லாம் முடிப்பார்கள், அது சரிதான், ஆனால் கேட்டவர் அந்த ரகம் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் மீடியாஇன்ஃபோவில் ஆறு படத்தையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: படம் எந்த கோடெக் (அதாவது சுருக்கிய முறை), அகலம் உயரம், விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், சத்தம் எந்த கோடெக், எத்தனை சேனல். நான் உங்கள் படங்களைப் பார்க்காமலே சொல்கிறேன், ஒன்று 720க்கு 576, 25 ஃப்ரேம் என்றிருக்கும், இன்னொன்று 23.976 ஃப்ரேம் என்றிருக்கும், ஏவிஐயில் எம்பி3 சத்தம் இருக்கும், எம்கேவியில் டால்பி டிஜிட்டலோ டிடிஎஸ்ஸோ இருக்கும். ஒருவேளை அதிசயமாக ஆறும் எல்லா வரியிலும் ஒத்துப்போனால் வார்க்கிற வேலை மிச்சம், நேரே ஒட்டப் போகலாம். கலந்து கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்த நம்பிக்கை வேண்டாம்.

ஃப்ரேம் விஷயத்தில் ஒரு சின்ன வேடிக்கை. சினிமா எடுப்பது விநாடிக்கு 24 ஃப்ரேம். நம் ஊர் டிவி முறையான பிஏஎல் 25. பிஏஎல் டிவிடி தயாரிக்கும்போது பெரும்பாலும் 24-ஐக் கொஞ்சம் வேகமாக ஓட்டி 25 ஆக்கிவிடுவார்கள். அதனால் 150 நிமிஷப் படம் டிவிடியில் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள் என்று சண்டை போடுவார்கள், வெட்டியிருக்க வேண்டியதில்லை, வேகம்தான்.

இப்போது ஹேண்ட்பிரேக். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஹேண்ட்பிரேக் ஒட்டாது. பலரும் ஆறு படத்தையும் அதில் போட்டுவிட்டு ஒட்டும் பட்டனைத் தேடுகிறார்கள், அப்படி ஒன்று அதில் கிடையாது. ஆறையும் ஒரே மாதிரி வார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. டிவிடியிலிருந்து எடுத்த படங்களைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் அந்த முழு ஃபோல்டரையும் கொடுங்கள், அதுவே சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

நான் போடச் சொல்லும் அச்சு இதுதான். பாத்திரம் எம்கேவி. வீடியோ ஹெச்.264, எட்டு பிட், ஹெச்.265 போட்டால் ஃபைல் சிறுக்கும், ஆனால் பழைய டிவி விழிக்கும். ஃப்ரேம் 25, பக்கத்தில் இருக்கும் கான்ஸ்டன்ட் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 24 ஃப்ரேம் படத்தை 25 ஆக்கினால் விநாடிக்கு ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை வரும், கேமரா மெதுவாக நகரும் இடங்களில் கூர்ந்து பார்த்தால் லேசாக உதறுவது தெரியும். நீங்கள் பார்ப்பீர்கள், அப்பத்தா பார்க்க மாட்டார். பிட்ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்பது, 1,400; இரண்டு பாஸ், அதாவது படத்தை இரண்டு தடவை படித்துச் சுருக்குவது. தரத்தை வைத்துச் சுருக்கும் முறைதான் பொதுவாக நல்லது, ஆனால் அதில் ஃபைல் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாது, இங்கே நமக்கு 4 ஜிபிக்குள் நிற்க வேண்டும்.

அளவு 1280க்கு 720. டிவிடி படத்தை அவ்வளவுக்குப் பெரிதாக்கினால் தெளிவு ஒன்றும் கூடாது, எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிட்டத்தட்டச் சதுரமாக, 4க்கு 3 என்ற வாகில் இருக்கும். அதை அப்படியே 1280க்கு 720-இல் இழுத்து நிரப்பினால் கதாநாயகி மூன்றில் ஒரு பங்கு கூடக் குண்டாகிவிடுவார். டைமென்ஷன்ஸ் பகுதியில் அப்ஸ்கேலிங்கை அனுமதித்து, பார்டர்ஸ் என்பதில் நிரப்பும் தேர்வை எடுத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டுக்கொள்ளும், படம் தன் வாகிலேயே நிற்கும். அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் பட்டை வரும். எப்படியானாலும் கடைசியில் வருவது 1280க்கு 720தானா என்று ஒவ்வொரு படத்துக்கும் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். டிவிடி படத்தில் வேகமாகக் கை அசைக்கும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் ஃபில்டர்ஸ் பகுதியில் டிகோம்ப் என்பதை ஆன் செய்யுங்கள்.

சத்தம் ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 96 கிலோபிட். மோனோ என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காலப் படங்கள் பலவும் ஒற்றைச் சேனல் ஒலிதான், அந்த மூலத்தை ஸ்டீரியோவாக்க ஹேண்ட்பிரேக் வழி தராது. ஒரு படம் மோனோ, அடுத்தது ஸ்டீரியோ என்றால் ஒட்டாது. ஸ்டீரியோவை மோனோவாக்குவது சுலபம், ஆகவே எல்லாவற்றையும் அந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவோம். டிவி ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சத்தத்தின் அளவு இன்னொரு தலைவலி. ஒரு படத்தில் வசனமே காதில் விழாது, அடுத்த படம் தொடங்கியதும் தெருவே கேட்கும். ராத்திரி அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு இது ரொம்பக் கொடுமை. ஆறு படத்திலும் ஒரு சாதாரணப் பேச்சுக் காட்சியை அடுத்தடுத்து ஓட்டிக் கேட்டு, தாழ்ந்து கேட்கும் படத்துக்கு ஆடியோ பகுதியில் கெயின் என்பதை 4, 6 டெசிபெல் ஏற்றிவிடுங்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் பாட்டு வரும்போது கரகரக்கும்.

சப்டைட்டில் உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்காக ஒரு வரி: இரண்டு படத்தில் சப்டைட்டில் இருந்து மூன்றாவதில் இல்லாவிட்டால் ஒட்டும்போது குழப்பம், அதனால் இருப்பதையும் ஹேண்ட்பிரேக்கிலேயே படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுவது நிம்மதி.

ஆறையும் உடனே ஓடவிடாதீர்கள். இதுதான் இந்தப் பதிலிலேயே உங்களுக்கு அதிகம் உபயோகப்படும் விஷயம். ஹேண்ட்பிரேக்கில் ரேஞ்ச் என்ற இடத்தில் விநாடி என்பதைத் தேர்ந்து, ஒவ்வொரு படத்திலும் நடுவிலிருந்து ஒரு நிமிஷம் மட்டும் வார்த்தெடுங்கள். அந்த ஆறு ஒரு நிமிஷத் துண்டுகளையும் கீழே சொல்கிறபடி ஒட்டி, அப்பத்தா வீட்டு டிவியில் ஓட்டிப் பாருங்கள். ஆறு நிமிஷத்தில் ஐந்து ஒட்டு வரும், ஐந்தும் அசங்காமல் கடந்தால் அச்சு சரி. நான் அந்த வேன் பயணத்துக்கு முன் இதைச் செய்திருந்தால் எக்ஸ்ரே பேச்சு வந்திருக்காது. சரியாக வந்த பிறகு ரேஞ்சை மறுபடி முழுப் படத்துக்கு மாற்றி (இதை மறந்து ஆறு ஒரு நிமிஷப் படங்களைக் காலையில் எழுந்து பார்த்தவனும் நானே), எல்லாவற்றையும் க்யூவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். என் எட்டு வருஷ லேப்டாப்பில் ஒரு படத்துக்கே சில மணி நேரம் பிடிக்கும். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் காற்றுப் போகாமல் சூடேறி அணைந்துவிடும். முடிந்ததும் தானாக ஷட் டவுன் ஆகும்படி க்யூவிலேயே சொல்லிவைக்கலாம்.

எம்கேவி பாத்திரத்தை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் கரண்டும் ஒரு காரணம். எம்பி4-இல் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எழுதுவது வேலையின் கடைசியில்தான். யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் தொண்ணூறு சதவீதம் முடிந்த நிலையில் கரண்ட் போனால் அந்த ஃபைல் ஓடவே ஓடாது. எம்கேவி எழுதிய வரைக்கும் பெரும்பாலும் ஓடும். டிவிக்கு எம்பி4தான் வேண்டும் என்றால் ஒட்டி முடித்த பிறகு பாத்திரம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் அதைச் சில நிமிஷத்தில் செய்யும்.

கடைசியாக எம்கேவிடூல்நிக்ஸ். முதல் படத்தை உள்ளே இழுத்துப் போடுங்கள். பிறகு பட்டியலில் அந்தப் பெயர் மேல் வலது கிளிக் செய்து, அப்பெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து இரண்டாவது படத்தைக் கொடுங்கள். ஆட் வேறு, அப்பெண்ட் வேறு. ஆட் கொடுத்தால் இரண்டாவது படம் முதல் படத்துக்குப் பின்னால் போகாது, பக்கத்தில் இன்னொரு டிராக்காக உட்காரும். ஃபைல் 3.4 ஜிபி இருக்கும், நேரம் மட்டும் இரண்டரை மணி என்று காட்டும், டிவி முதல் படத்தை ஓட்டிவிட்டு நின்றுவிடும். சைஸ் சரியாக இருந்து நேரம் பாதியாக இருந்தால் நீங்கள் ஆட் கொடுத்திருக்கிறீர்கள், வேறு எதையும் தேட வேண்டாம்.

அவுட்புட் பகுதியில் சாப்டர் உருவாக்கும் இடம் ஒன்று இருக்கும், அதில் ஒட்டிய ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சாப்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில டிவியில் அடுத்து என்ற பட்டனை அழுத்தினால் நேரே இரண்டாவது படத்துக்குத் தாவும். எல்லா டிவியும் இதைக் கண்டுகொள்ளாது, இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு தொடங்கும் பட்டனை அழுத்தினால் ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் இங்கே எதையும் மறுபடி சுருக்கவில்லை, எடுத்து வைக்கிற வேலை மட்டும்தான். முடிகிறபோது கோடெக் விவரம் பொருந்தவில்லை என்ற மாதிரி எச்சரிக்கை வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். ஏதோ ஒரு படத்துக்கு அச்சு மாறியிருக்கிறது, மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்த்தால் எந்தப் படம் என்று பிடிபட்டுவிடும், அதை மட்டும் திரும்ப வார்த்தால் போதும். லேப்டாப்பில் மூலப் படங்கள், வார்த்தவை, ஒட்டியவை மூன்றுக்கும் இடம் வேண்டும், 30, 40 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள், பென் டிரைவ் எப்போது வேண்டுமானாலும் காலை வாரும்.

இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு அட்டை வைத்தால் அழகாக இருக்கும். நான் செய்தது, வெள்ளைத் தாளில் அடுத்த படத்தின் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, போனைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பத்து விநாடி வீடியோ எடுத்தேன். அதையும் ஹேண்ட்பிரேக்கில் அதே அச்சில் வார்த்து நடுவில் ஒட்டினேன். போன் வீடியோவில் ஃப்ரேம் நிலையாக இருக்காது, அதனால் வார்க்காமல் ஒட்டினால் அந்தப் பத்து விநாடி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒரு படம் முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரியாமல் "அவன் செத்துட்டானே, எப்படி மறுபடி வர்றான்?" என்று என் அத்தை கேட்ட பிறகுதான் இந்த அட்டை யோசனையே வந்தது.

சொந்த டிவிடியிலிருந்து வீட்டில் பார்க்க எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒட்டியதை மேலே ஏற்றிப் பகிர்ந்தால் அது வேறு விவகாரம்.

பென் டிரைவுக்கு நகல் எடுத்ததும் பிடுங்கிவிடாமல் ஈஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். ஃபைல் பெயரில் தமிழ் எழுத்துப் போட்டால் சில டிவியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், வெறும் எண் போதும். டிவியில் செருகி, ஒட்டு வரும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் முன்னும் பின்னும் இரண்டு நிமிஷம் பாருங்கள், பிறகு இரண்டாவது படத்தின் கடைசிப் பகுதியில் வாயும் வசனமும் ஒத்துப் போகிறதா என்றும் பாருங்கள். சத்தம் விலகியிருந்தால் அங்கேதான் அதிகம் தெரியும். எல்லாம் சரியென்றால் ரிமோட்டில் ஓகே பட்டன் மேல் வீட்டில் இருக்கும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள், அப்பத்தா அதை மட்டும் அழுத்தினால் போதும்.